பூட்டில்லாத கதவும் பொதுச் சாவியும்

பேராக் மாநிலத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் சிரிப்பார்கள். ஈப்போவுக்கு அருகே, கிந்தா ஆற்றோரம், ரயில் நிற்கும் ஒரு சிற்றூர் அது என்பதோ, சுற்றிலும் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த காலத்தில் நம்மவர்கள் பாடுபட்டு வாழ்ந்த மண் அது என்பதோ அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. யாராவது கொஞ்சம் தாறுமாறாகப் பேசிவிட்டால் போதும், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பேசுவது இந்த நாட்டில் மூன்று இனத்தாருக்கும் பழகிப்போன ஒன்று.

காரணம் எல்லோரும் அறிந்ததே. 1911ஆம் ஆண்டில் அங்கே மனநோயாளிகளுக்கான பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹாஸ்பிடல் பஹாகியா உலு கிந்தா. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. பெயரை எவ்வளவு அழகாக மாற்றி வைத்தாலும் ஊராரின் வாய் மாறவில்லை.

இந்தக் கேலியின் மறுபக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் தளர்ந்து சில மாதம் சிகிச்சை பெற்றுக் குணமடைகிறாள். ஓர் இளைஞன் தூக்கமின்றித் தவித்து டாக்டரிடம் போய் மருந்து வாங்கி உண்டு நலமடைகிறான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் போல இதுவும் ஒரு நோய்தான். ஆனாலும், இந்தச் செய்தி நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் கல்யாணப் பேச்சு நின்று போகிறது. வேலை கொடுக்க வேண்டியவர் தயங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையை இழுத்து உள்ளே வைத்துக்கொள்கிறாள். டாக்டரிடம் சொன்ன சொல் டாக்டரோடு இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், யார்தான் துணிந்து மருத்துவமனை வாசலை மிதிப்பார்கள்?

முன்பெல்லாம் அந்தச் சொற்கள் காகிதக் கோப்பில் எழுதப்பட்டு இரும்பு அலமாரியில் இருந்தன. அலமாரிக்கு ஒரு பூட்டு; சாவி ஒருவர் இடுப்பில். இன்று உலகெங்கும் அவை கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அப்படியானால் அந்தப் பூட்டு எங்கே? சாவி யாரிடம்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தவறிய ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த கதியை முதலில் பார்ப்போம்.

பின்லாந்தில் நடந்த விபரீதம்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு பின்லாந்து. அங்கே 'வஸ்தாமோ' என்ற தனியார் நிறுவனம் 2008இல் தொடங்கப்பட்டது. மனக்கவலை உள்ளவர்களுடன் பேசி, ஆலோசனை கூறிக் குணப்படுத்துவது அதன் தொழில். நாடெங்கும் கிளைகள். நோயாளி சொன்னதையெல்லாம் ஆலோசகர்கள் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தார்கள்.

2020 அக்டோபரில் ஒருவன் வெளிப்பட்டான். "உங்கள் நோயாளிகளின் குறிப்பேடுகள் என்னிடம் உள்ளன. பணம் தந்தால் விட்டுவிடுகிறேன், இல்லையேல் வெளியிடுவேன்" என்ற ரீதியில் மிரட்டினான். நிறுவனம் பணியவில்லை. உடனே அவன் நோயாளிகளையே பிடித்துக்கொண்டான். ஆளுக்கு 200 யூரோ கொடு, தாமதித்தால் 500 யூரோ என்று நோயாளிகளுக்கே கடிதம் போயிற்று. ஏறக்குறைய 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். குடும்பச் சண்டை, சிறு வயதில் பட்ட கொடுமை, தற்கொலை எண்ணம் என்று கட்டிய கணவனிடமும் பெற்ற தாயிடமும் சொல்லாத சங்கதிகள் சந்தைக்கு வந்துவிட்டன.

விசாரணையில் தெரிய வந்தது என்ன? மகா திறமைசாலி ஒருவன் கோட்டையை உடைத்தான் என்பதா? இல்லை. அந்த நிறுவனத்தின் குறிப்பேடுகள் இருந்த கம்ப்யூட்டரின் வாசல், 2017 நவம்பர் இறுதியிலிருந்து 2019 மார்ச் வரை, உலகத்தில் உள்ள எவரும் இணையம் வழியே வந்து தட்டும்படி திறந்தே கிடந்தது. அதைவிடக் கொடுமை, எல்லா அதிகாரமும் கொண்ட தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கப்படவில்லை! கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஒன்றும் எழுதாமல் உள்ளே போய்விடலாம். நகைக்கடையைத் திறந்து போட்டுவிட்டுக் கல்லாப் பெட்டியின் மேல் சாவியையும் வைத்துப் போனதற்கு இது சமம்.

2021 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பின்லாந்தின் தனியுரிமைக் காப்பு அதிகாரி அதன்மீது 6,08,000 யூரோ அபராதம் விதித்தார். பாதுகாப்பு இல்லாதது ஒரு குற்றம். திருட்டு நடந்ததை 2019 மார்ச்சிலேயே அறிந்திருக்க வேண்டியவர்கள் அறிவிக்காமல் இருந்தது இன்னொரு குற்றம். மிரட்டியவனுக்கு 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் 6 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை வழங்கியது. ஆனால் வெளியே போன சொல்லை எந்த நீதிமன்றத்தால் திரும்ப உள்ளே அனுப்ப முடியும்?

செக்ரோலும் டேட்டாபேஸும்

'டேட்டாபேஸ்' என்பதைத் தமிழில் தரவுத்தளம் என்கிறார்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீசில் இருந்த செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பெரிய புத்தகம். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள். அன்று பெரட்டுக்கு வந்தாரா, எத்தனை பவுண்டு பால் கொண்டு வந்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தரவுத்தளமும் அப்படிப்பட்ட அட்டவணைகளின் தொகுப்புத்தான். பல லட்சம் வரிகளைக் கொண்டது; கேட்டதை நொடியில் எடுத்துத் தருவது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்குச் 'சர்வர்' என்று பெயர்.

செக்ரோலை யார் வேண்டுமானாலும் தொட முடிந்ததா? இல்லையே! பால் நிறுத்தவர் ஒருவர்; புத்தகத்தில் எழுதிய கிராணி ஒருவர்; சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட துரை ஒருவர். நிறுத்தவரே எழுதி, எழுதியவரே கையெழுத்தும் போட்டால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்கக் கூடாது என்ற அந்தப் பழைய அறிவுதான் தரவுத்தளக் காவலுக்கும் அடிப்படை. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதையே ஒரு விதியாக எழுதி வைத்தார்கள்: எவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும், ஒரு துளியும் மிகக் கூடாது.

வேர்க் கணக்கும் கிளைக் கணக்குகளும்

ஒரு மருத்துவமனை புதிதாகச் சர்வர் ஒன்றை வாங்கி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொறுப்பேற்கும் அதிகாரி என்னென்ன செய்ய வேண்டும்?

முதலாவது, தலைமைக் கணக்கு. பல சர்வர்களில் இதற்கு 'ரூட்' என்று பெயர். ரூட் என்றால் வேர். வேரில் வெந்நீர் ஊற்றினால் மரமே பட்டுப்போகும் அல்லவா? இந்தக் கணக்கில் நுழைந்தவர் எதையும் படிக்கலாம், திருத்தலாம், ஒரே கட்டளையில் அத்தனையும் அழிக்கலாம். ஆகவே சர்வரை நிறுவிய முதல் மணி நேரத்திலேயே இதற்கு நீளமான கடவுச்சொல் வைக்க வேண்டும். சர்வர் நிற்கும் அதே கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே இதில் நுழைய முடியும்படி கட்ட வேண்டும். அன்றாட வேலைக்கு இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்தே வரும் கணக்குகள். ஆரக்கிள் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தில் பல காலம் 'ஸ்காட்' என்ற மாதிரிக் கணக்கு ஒன்று இருந்தது. ஸ்காட் என்பவர் அந்த நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியர். கணக்கின் கடவுச்சொல் 'டைகர்'. அது அவருடைய மகள் வளர்த்த பூனையின் பெயர்! உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்தப் பூனையைத் தெரியும். அப்படித் தெரிந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். தேவையில்லாத மாதிரிக் கணக்குகளை நீக்க வேண்டும்; தேவையானவற்றின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு கணக்கு. இது மிக முக்கியம். 'கவுண்டர்' என்று ஒரே கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டி, ஐந்து பேர் பயன்படுத்தும் வழக்கம் பல ஆபீசுகளில் உண்டு. வேலை சுலபம்தான். ஆனால் ஒரு நோயாளியின் குறிப்பு வெளியே போய்விட்டால், போனது எவர் கையால் என்று எப்படிச் சொல்வது? ஐந்து பேர்மீதும் சந்தேகம் விழும். குற்றமற்ற நால்வர் தலை குனிய வேண்டும். பொதுச் சாவி திருடனை மறைக்கும், நல்லவனை மாட்டிவிடும். தனிக் கணக்கு என்பது ஊழியரை நம்பாததால் வைப்பதன்று. நல்ல ஊழியருக்குக் காவலாக வைப்பது.

நான்காவது, அளந்து கொடுக்கும் அதிகாரம். பதிவு மேசையில் இருப்பவருக்கு நோயாளியின் பெயர், அடையாள எண், வர வேண்டிய தேதி போதும். டாக்டரிடம் அழுது சொன்னது அவருக்கு எதற்கு? மருந்தகத்தாருக்கு மருந்தின் பெயரும் அளவும் தெரிய வேண்டும். கணக்குப் பிரிவுக்குக் கட்டணம் தெரிந்தால் போதும். டாக்டர் தம் நோயாளியின் குறிப்பைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். இப்படி அட்டவணை வாரியாக, 'படிக்க மட்டும்', 'எழுதவும்', 'அழிக்கவும்' என்று பிரித்துக் கொடுக்க முடியும். 1970களில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் உருவான தரவுத்தளத்திலேயே இதற்கான இரண்டு கட்டளைகள் பிறந்துவிட்டன. 'கிராண்ட்' என்றால் அதிகாரம் கொடு. 'ரிவோக்' என்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. இன்றைக்கும் அதே சொற்கள்தான். வசதி அரை நூற்றாண்டாக இருக்கிறது, உபயோகிக்கத்தான் சோம்பல்.

ஐந்தாவது, மனிதர் அல்லாத கணக்குகள். மருத்துவமனையின் பதிவு மென்பொருளும் ஒரு கணக்கின் மூலமே சர்வரிடம் பேசுகிறது. அந்த மென்பொருளுக்கு வேர்க் கணக்கையே கொடுத்துவிடுவது பலர் செய்யும் குறுக்கு வழி. மென்பொருளில் ஓர் ஓட்டை விழுந்தால் திருடன் கையில் வேரே சிக்கிவிடும். அதற்கும் அளவான தனிக் கணக்குத்தான் தர வேண்டும். இரவில் நகல் எடுக்கும் நிரலுக்குப் படிக்கும் அதிகாரம் போதும். அழிக்கும் அதிகாரம் எதற்கு?

ஆறாவது, வாசலைச் சுருக்குவது. மருத்துவமனைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் சர்வரின் கதவு திறந்தால் போதும். வெளியுலகத்துக்கு அடைத்துவிட வேண்டும். 2017 ஜனவரியில் 'மாங்கோ டிபி' என்ற வகைத் தரவுத்தளங்கள் பல்லாயிரம், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததைச் சில கயவர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, 'திரும்ப வேண்டுமானால் பணம் அனுப்பு' என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுச் சென்றார்கள். பூட்டில்லாத வீடு பின்லாந்தில் மட்டுமில்லை.

ஏழாவது, விலகியவர்களின் சாவி. வேலையை விட்டுப் போகிறவரிடம் சீருடையைத் திரும்ப வாங்குகிறோம். கணக்கை மூட மறந்துவிடுகிறோம். அவர் விலகும் அன்றே அதை முடக்க வேண்டும். வேறு பிரிவுக்கு மாறுகிறவரின் பழைய அதிகாரத்தையும் திரும்ப வாங்க வேண்டும்.

எட்டாவது, வருகைப் பதிவு. யார், எந்த நேரத்தில், எங்கிருந்து வந்து, எதைப் பார்த்தார் என்று சர்வர் தானே எழுதி வைக்கும். ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு முறையாவது அதைப் படிப்பதற்கு ஒருவர் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பதிவு மேசைக் கணக்கு பத்தாயிரம் பெயர்களைக் கேட்டிருந்தால், அது வேலை இல்லை, களவு.

கடவுச்சொல்லின் கதை

கம்ப்யூட்டரில் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில், பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அமைத்தது. அவரவர் கோப்பை அவரவர் பார்க்க ஒரு மறைசொல் வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1962லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கொடுத்த நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துவிட்டார்! மற்றவர் பெயரில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். சாவிகளையெல்லாம் ஒரே பெட்டியில் அப்படியே போட்டு வைத்ததுதான் கோளாறு.

இதற்கு மாற்று என்ன? பெருவிரல் ரேகையை எண்ணிப் பாருங்கள். சம்பளச் சீட்டில் நம் பாட்டனார் வைத்த கைநாட்டைப் பார்த்து, 'இது அவருடையதுதான்' என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அந்த ரேகையிலிருந்து அவருடைய விரலைச் செய்துவிட முடியாது. அதுபோலவே, கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், கணித முறையால் அதன் 'ரேகை'யை மட்டும் சேமிக்க வேண்டும். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் ரேகை வேறுபட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எழுத்துகளைக் கொஞ்சம் கலப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'. 2009இல் 'ராக்யூ' என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போனபோது, அவை ரேகையாக இல்லை. அப்படியே எழுத்தாகவே இருந்தன. அவற்றில் மிகுதியாக இருந்தது எது தெரியுமா? '123456'.

மனிதர் எளிதான சொல்லைத் தேடுவது புதிதல்ல. 1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்ஸன் என்ற இருவர் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தார்கள். 2,831 சொற்கள், அதாவது நூற்றுக்கு 86, மிகச் சிறியவையாகவோ அகராதியில் இருப்பவையாகவோ இருந்தன. ஒரே ஓர் எழுத்தை வைத்தவர்களும் உண்டு.

மாற்றச் சொல்லி வதைக்காதீர்கள்

'மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று; பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வை' என்று பல ஆபீசுகளில் கட்டளை இருக்கிறது. இதன் மூலம் எங்கே? அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்துக்காகப் பில் பர் என்ற அதிகாரி 2003இல் எழுதிய வழிகாட்டி. உலகமே அதைப் பின்பற்றியது. விளைவு? மக்கள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதன் கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டே போனார்கள். மறந்து போகிறது என்று மேசைக்கடியில் எழுதி ஒட்டினார்கள். 2017இல் பணி ஓய்வில் இருந்த பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதியை எண்ணி வருந்துவதாகச் சொல்லிவிட்டார்.

அதே ஆண்டு அந்த நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. களவு போனது என்று தெரிந்தால் மாற்று. மற்றபடி நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதே. குறியீட்டைவிட நீளமே பலம். முன்பு களவு போன சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் ஏற்காதே. 2025இல் வந்த புதிய பதிப்பில், கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் இடங்களில் அது 15 எழுத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நல்ல சர்வரின் சட்டம் இப்படி இருக்கும்: சொல் நீளமாக இருக்க வேண்டும். எளிய சொற்கள் தள்ளப்பட வேண்டும். ஐந்தாறு முறை தவறாகச் சொன்னால் சிறிது நேரம் கதவு பூட்டிக்கொள்ள வேண்டும். தலைமை அதிகாரிகளுக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் வேண்டும்; கைப்பேசிக்கு வரும் எண் அல்லது சிறு சாவிக்கருவி போன்றது அது.

நம் வீட்டு வாசலில்

இதெல்லாம் பின்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும்தான் என்று இருந்துவிட முடியுமா? 2017 அக்டோபரில் நம் நாட்டில் வெளிவந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் விலை பேசப்பட்டன. நாட்டு மக்கள் தொகையைவிட அது அதிகம்! பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அவற்றில் இருந்தன. மருத்துவ மன்றத்தின் பதிவுகளும் அந்தக் குவியலில் கிடந்தன.

2023 பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை இன்னும் கவனிக்கத்தக்கது. கோவிட் காலத்தில் நாமெல்லாம் பயன்படுத்திய மைசெஜாத்ரா செயலியைப் பற்றியது அது. 'சூப்பர் அட்மின்' என்ற உயர் அதிகாரக் கணக்கு ஒன்றின் வழியாக, தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் இறக்கி எடுக்கப்பட்டிருந்தன என்று அந்த அறிக்கை சொன்னது. வருகைப் பதிவு ஏன் வேண்டும், உயர் கணக்குகளை ஏன் எண்ணி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு பாடம் தேவையில்லை.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. 2024இல் அதைத் திருத்தினார்கள். விதிகளை மீறும் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. 2025 ஜூன் 1 முதல், தரவு களவு போனால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்கவும் வேண்டும். தனியார் கிளினிக், கடை, தோட்ட நிறுவனம் ஆகியவற்றை இச்சட்டம் கட்டும். அரசாங்க இலாகாக்களை இச்சட்டம் கட்டாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் ஓர் எழுத்து பிழையானதால் பிறப்புப் பத்திரத்துக்கும் நீல அடையாள அட்டைக்கும் அலைந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். புத்தகத்தில் பெயர் இல்லாததன் துன்பம் நமக்குத் தெரியும். பெயர் வேண்டாத கைகளுக்குப் போவதன் துன்பத்தையும் இனி அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அடையாள எண்ணை ஒருபோதும் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். அதன் முதல் ஆறு எண் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தேதியை மட்டும் வைத்தால் நூறு ஆண்டுக்கும் சேர்த்து 36,500 நாள்தான். கம்ப்யூட்டர் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணி முடித்துவிடும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். வாளி, குயில், முறுக்கு, மேசை என்பது போல. இதையே வைக்காதீர்கள், இது அச்சில் வந்துவிட்டது! பழமொழியும் சினிமாப் பாட்டின் அடியும் வேண்டாம். ஊரறிந்த வரி மறைசொல் ஆகாது. சேமநிதிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். நினைவில் நிற்காவிட்டால் ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. வெளியூர்த் திருடனின் கை அந்தப் பெட்டிக்கு எட்டாது.

பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைகள் பார்த்துக்கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அது ஒரு பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். நாலு பேர் கையில் திரிய வேண்டாம். கைப்பேசிக்கு வரும் குறிஎண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையும், 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள்.

கிளினிக்கிலும் கடையிலும் உங்கள் விவரத்தைக் கேட்டால், "இது எதற்கு? யார் பார்ப்பார்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நம் பெண்களும் பையன்களும் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கிளினிக் கவுண்டர்களில், கணக்கர் அலுவலகங்களில், கம்ப்யூட்டர் பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. "எல்லாரும் இதையே போட்டுக்குங்க" என்று மேலாளர் ஒரு பொதுக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், "எனக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும், சார்" என்று கேளுங்கள். அது திமிர் இல்லை, தொழில் நேர்மை. உங்கள் பெயரில் இன்னொருவர் செய்யும் தவற்றுக்கு நீங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் இருக்கிறார். ஊரார் சிரிப்பார்களே என்று பல காலம் தயங்கி, ஒருநாள் துணிந்து டாக்டரிடம் வந்து மனத்தைத் திறந்த ஒரு தாயோ, தந்தையோ, தம்பியோ அது. அவர்கள் மனத்தைத் திறந்தது உங்கள் பூட்டை நம்பித்தான்.